ஒன்று என்றால்

தண்டர் பே. பெப்ரவரி. இரவு இரண்டரை.
ஏரி கரையோடு ஒட்டிக் கிடக்கிறது.
தானியக் கிடங்கின் நாலாம் மாடியில்
சேர்வர் அறைக்குத்தான் கொஞ்சம் சூடு.
ரெயினோ தன் கையுறைகளை
மெஷினின் முதுகில் காயப் போட்டிருக்கிறார்.

கீழே பதினொரு கோதுமைப் பெட்டிகள்
தண்டவாளத்தில் எடைக்காக நிற்கின்றன.
எடை பார்க்கும் நிரலோ
எங்கள் இயங்குதளத்துக்கென்று பிறந்ததல்ல.
எழுதிய கம்பனி ரெஜைனாவில் இருந்தது.
இப்போது அந்த விலாசத்தில் ஒரு பல் வைத்தியர்.
மூலநிரல் இல்லை. கேட்க ஆளும் இல்லை.

சிக்கல் இவ்வளவுதான்.
தன் ஊர்க் கெர்னலிடம் பேசுகிறோம் என்று நினைத்து
அது "ஒன்று" என்கிறது.
அதன் ஊரில் ஒன்று என்றால்
எழுது.
எங்கள் கெர்னலில் ஒன்று என்றால்
வெளியேறு.
எடையைச் சொல்ல வாய் திறந்தது
முதல் சொல்லிலேயே செத்துப்போகும்,
திரையில் ஒரு புள்ளிகூட விழாமல்.

நடுவில் ஒரு அட்டவணை வேண்டும்,
அதன் ஒன்றை எங்கள் நாலாக்கித் தர.
அதை எங்கே வைப்பது என்பதில்
ஏழு வருஷமாக எங்களுக்குள் இழுபறி.

"கெர்னலோடு சேர்த்தே கட்டிவிடு, நிரூ.
விடியப்புறம் கரண்ட் போய் வந்தால்
ஆர் எழும்பி வந்து ஏற்றுறது?"
அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.
எனக்குள் இப்படித்தான் கேட்டது.

நான் மொட்யூல் கட்சி.
தேவைக்கு ஏற்று, முடிந்தால் இறக்கு.
எப்போதோ வரும் விருந்தாளிக்காக
சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தால்
இரவெல்லாம் அதற்கும் ஒரு காவல் வேண்டாமா?
இன்றைக்கு மட்டும் என்றுதான் அன்று ஏற்றினேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை
பின்னேரம் கோட்டை மாட்டிக்கொண்டு
"அப்ப நான் வாறன்" என்பதை
அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டேன்.
ரெயினோ காத்திருந்தார்.
ஏழு மணி வரைக்கும்,
லைட்டைப் போட்டபடி,
எனக்கும் சேர்த்து ஒரு கோப்பி ஊற்றி வைத்து.

மறுநாள் அவர் கோபிக்கவில்லை.
"நீ வரவில்லையே" என்றார்.
"நான் போனேன்" என்றேன்.
இரண்டு பேரும் சொன்னது உண்மை.

நேற்று கெர்னலைப் புதுப்பித்தவள் நான்.
மொட்யூலை மறந்தவளும் நான்.
பழைய மொட்யூலைப் புதுக் கெர்னல்
ஏறெடுத்தும் பார்க்கவில்லை:
பதிப்பு பொருந்தவில்லையாம்.
கீழே பெட்டிகள். வெளியே மைனஸ் முப்பத்துநாலு.
"நான் அப்பவே சொன்னேன்" என்று ரெயினோ சொல்லியிருக்கலாம்.
எழும்பிப் போய்
கையுறைகளை மறுபக்கம் திருப்பிப் போட்டார்.

ஆறு நிமிஷம் மொட்யூலைத் திரும்பக் கட்ட.
ஏற்றினேன்.
ஒன்று நாலானது.
முதற்பெட்டி:
தொண்ணூற்றோராயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
ரெயினோ அதை வாய்விட்டு வாசித்தார்,
லொத்தர் விழுந்தவர் மாதிரி.

பதினொன்றும் முடியும்வரை பொறுக்காமல்,
என் வீம்புக்கு, அவர் பார்க்கத்தக்கதாக,
"பார், நினைத்த நேரம் இறக்கலாம்" என்று
கட்டளையைத் தட்டினேன்.

பாவனையில் உள்ளது. இறக்க முடியாது.

என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்
இருமல் வரும்வரை சிரித்தார்.
உள்ளே அது
ஏழாவது பெட்டியை எழுதிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குக் கோட்டை மாட்டினேன்.
அவருக்கு இன்னும் தாள்களில் கையெழுத்து மிச்சம்.
கதவடியில் நின்று, வழக்கம்போல,
அந்தப் பிழையான ஆங்கிலத்தில்,
வாறன் என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
கையை நீட்டி
என் மேசை லைட்டை அணைத்தார்.